பேசினால் எழுத்து வருமா?

ஆலங்காயம் பஸ் நிலையத்தை ஒட்டி இருக்கும் செல்போன் கடைகளில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மற்றவர்கள் புதுப் போன் கைக்கு வந்ததும் தலைமுடியைக் கோதிக்கொண்டு தங்களையே படம் எடுத்துப் பார்ப்பார்கள். நான் போனைக் கண்ணாடி மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று, "வேர்க்கடலைக்கு உரம் போடணும், மழை வந்தா நாளைக்கு வர்றேன், நீ சாப்ட்டியா?" என்று உரக்கச் சொல்வேன். சொன்ன வேகத்தில் ஓடிவந்து குனிந்து திரையைப் பார்ப்பேன். கடைக்கு வந்திருக்கும் மற்ற ஆட்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்வார்கள்.

"சார், கேமராவப் பாருங்க சார். மூஞ்சி எப்டி பளபளன்னு வருது பாருங்க" என்று ஒரு கடைக்காரர் வம்படியாக என்னைப் படம் எடுத்துக் காட்டினார். எனக்குத் தம்பி கிடையாது. இருந்திருந்தால் அந்தப் படத்தில் இருந்தவன் மாதிரி இருந்திருப்பான்.

"இந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் இன்னாங்க பண்றது? பேசினா எழுத்து வருமா, அதச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பாட்டு போட்டுக் காட்டினார். வீடியோ ஓட்டிக் காட்டினார். வீடியோவில் நம் தலைக்குப் பூனைக் காது முளைக்க வைக்கும் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. காதைப் பற்றிக் கேட்கப் போனவனுக்குப் பூனைக் காது. அவரைச் சொல்லி என்ன செய்வது, போன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதைத்தானே அவர் காட்டுவார்.

என் மனைவிக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படி இல்லை. எங்கள் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. முதலில் குக்கர் விசில் கேட்காமல் அடிப்பிடித்தது. பிறகு பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேலூரில் ஒரு பெரிய டாக்டர், நரம்பு பழுதாகிவிட்டது, இனித் திரும்பாது என்றார். மெஷின் வாங்கி மாட்டினோம். கரண்டி கீழே விழுந்தால் இடி விழுந்தது மாதிரி இருக்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள்.

கேட்காததைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசிச் சிரிப்போம். அவள் "இன்னா, இன்னா?" என்பாள். உடனே யாராவது ஒருவர் "ஒண்ணும் இல்ல" என்று கையை ஆட்டிவிடுவார். காது கேட்காதவர்களிடம் இந்த உலகம் அதிகமாகச் சொல்லும் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். நாளடைவில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்து, நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரிக்கிற அந்தச் சிரிப்பைப் பார்க்காத மாதிரி நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் பெண் படித்து முடித்து வாணியம்பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள்தான் ஒருநாள் தன் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு வந்தாள். பேசினால் அந்தப் பேச்சு அப்படியே தமிழில் எழுத்தாக வரும். அம்மாவுக்கு எதிரே போனை வைத்து, "அம்மா, இன்னைக்கு பஸ்ல உக்கார எடமே இல்ல" என்றாள். எழுத்து ஒவ்வொன்றாக வந்து நின்றது. என் மனைவி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உரக்கடையில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். யூரியாவில் இருந்து ஊர் அரசியல் வரைக்கும் பேசுவேன். கட்டிய மனைவியிடம் பேசச் சொன்னால் வாய் அடைத்துப்போகிறது. கடைசியில் "சோறு போடு" என்றேன். அது எழுத்தாக வந்தது. அவள் சிரித்தாள். இந்த முறை எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தாள்.

பெண்ணின் போன் பழசு. கொஞ்ச நேரத்தில் சூடேறிவிடும், எழுத்து தாமதமாக வரும். அதனால்தான் நான் கடை கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தேன். உரக்கடையைச் சாத்திய பிறகு ஆலங்காயம், ஞாயிற்றுக்கிழமை என்றால் வாணியம்பாடி. செயலிகளும் ரகம் ரகமாக இருந்தன. ஒன்றில் பேச்சுக்கு நடுவே நகைக் கடன் விளம்பரம் வந்து திரையை மூடிக்கொள்ளும். இன்னொன்று இண்டர்நெட் இருந்தால்தான் எழுதும். எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. சமையல்கட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனால் சிக்னல் போய்விடும். பின்பக்கம்தான் அவள் பாதி நாள் இருப்பாள். நெட் இல்லாமலே எழுதக்கூடியதாகத் தேடினேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நம் ஊர்ப் பேச்சு அந்தப் போன்களுக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. வேகமாகப் பேசினால் பாதியை விழுங்கிவிடும். அதனால் நான் வீட்டில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். "இப்பத்தாங்க நீங்க மனுசன் மாதிரி பேசறீங்க" என்றாள் என் மனைவி.

கடைசியில் ஒரு போன் அமைந்தது. கேமரா சுமார். ஆனால் மைக் பிரமாதம். கடையின் கோடியில் நின்று நான் முணுமுணுத்ததைக்கூட எழுதிவிட்டது. "கேமரா நல்லா இல்லாத போன ஆசையா வாங்கிக்கினு போற மொத ஆளு நீங்கதாங்க" என்றார் கடைக்காரர்.

அந்தப் போன் வந்த பிறகு வீடு மாறிப்போனது. பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரிகள் மருமகளைப் பற்றிப் பேசியதை எல்லாம் அவள் படித்துக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பிப்பாள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்பில்லையா என்றால், "காது இருக்கறவங்கல்லாம் கேக்கறாங்க. நான் படிச்சா மட்டும் தப்பா?" என்பாள்.

சண்டைதான் சங்கடமாகிவிட்டது. முன்பெல்லாம் கோபத்தில் நான் கத்துவது அவளுக்குப் போய்ச் சேராது, கத்திவிட்டு நானும் மறந்துவிடுவேன். இப்போது எல்லாம் எழுத்தாக நின்றது. மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது திரையை மேலே தள்ளி, "நேத்து நீங்க இன்னா சொன்னீங்க, நீங்களே படிங்க" என்று நீட்டுவாள். படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். பேசும்போது குரல், முகம், கை எல்லாம் சேர்ந்து கோபத்தைக் கொஞ்சம் மழுப்பிவிடுகின்றன. எழுத்தில் அது மொட்டையாக நிற்கிறது. அதற்குப் பிறகு திட்ட வேண்டும் என்று தோன்றினால் வாசலுக்குப் போய் வேப்பமரத்திடம் திட்டிவிட்டு வருவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். முதலில் வந்தவர்கள் செங்கம் பக்கம். வந்தார்கள், பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். ஜாதகம் பொருந்திய பிறகுதான் அவர்கள் பெண் பார்க்கவே வந்தார்கள். தாய்க்குக் காது செவிடு, நாளைக்குப் பிறக்கிற குழந்தைக்கும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் பேசியது எப்படியோ சுற்றி வளைத்து எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. என் மனைவியும் அதைத் திரையில் படித்தாள். போனை மூடி அலமாரியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

அடுத்த வரன் ஒடுகத்தூர். பையன் மோட்டார் பம்பு விற்கும் கடை வைத்திருந்தான். எங்கள் பெண்ணுக்குப் பையனின் போட்டோ பிடித்திருந்தது. அவர்கள் வருவதாகச் சேதி வந்த அன்றே என் மனைவி ஒரு முடிவோடு இருந்தாள்.

"காது விஷயம் யாரும் சொல்லக் கூடாது. நான் போன வெச்சி சமாளிச்சிக்கறேன்."

"எதுக்கும்மா மறைக்கணும்?" என்றாள் பெண்.

"மொதல்ல உன்னப் பாக்கட்டும். அப்புறமா என்னப் பாக்கலாம்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்ன வழி நடக்கக்கூடியதுதான். இந்தக் காலத்தில் கையில் போனை வைத்து அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எழவு வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறார்கள், கல்யாண வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறார்கள். நாங்கள் ஒத்திகைகூடப் பார்த்தோம். நான் பையனின் அம்மாவாக உட்கார்ந்து, "பொண்ணு சமைக்குமா? கோபம் வருமா?" என்று கேட்டேன். அவள் மடியில் இருக்கும் போனை ஓரக்கண்ணால் பார்த்து, நிமிர்ந்து, புன்னகைத்து, பதில் சொன்னாள். பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, அத்தை. ஆண்கள் நாங்கள் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தோம். பெண்கள் உள்ளே தள்ளிப் பாயில் உட்கார்ந்தார்கள். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பையனின் அம்மா கேட்டார், என் மனைவி கொஞ்சம் தாமதித்துப் பதில் சொன்னாள். அந்தத் தாமதமே ஒரு நிதானம் மாதிரி இருந்தது. பிறகு அத்தை ஒரு பக்கம் பேச, பையனின் அம்மா ஒரு பக்கம் பேச, நாங்கள் இந்தப் பக்கம் மழையைப் பற்றிப் பேச, எல்லாப் பேச்சும் திரையில் ஒன்றுமேல் ஒன்றாக விழுந்திருக்க வேண்டும். யார் பேசியது எது என்று பிரித்துப் படிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. குனிந்த தலை நிமிரவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்ணின் அம்மாதான் விழுந்து விழுந்து கவனிக்க வேண்டும். கேசரியை இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் கையைப் பிடித்து வைக்க வேண்டும், முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் குறை வைத்தால் மரியாதைக் குறைச்சல். அவளுக்கும் இது தெரியும். முகத்தைப் பார்த்தால் பேச்சு புரியாது, பேச்சைப் பார்த்தால் முகம் தெரியாது. என்னதான் செய்வாள்?

அந்த நேரத்தில் பெண் காப்பித் தட்டோடு வந்தாள். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். பெற்ற தாய் மட்டும் போனைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்ததும் அவர்கள் வாயில் என்ன வார்த்தை வருகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை.

பையனின் அம்மா அத்தையின் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்ததை நான் பார்த்தேன். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என் மனைவியின் முகம் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. போன் மக்கர் பண்ணிவிட்டது, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அவளே எழுந்து நின்றுவிட்டாள்.

"எனக்குக் காது கேக்காதுங்க."

தன் குரலின் அளவு தெரியாததால் அவள் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவாள். அன்றைக்கு அது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நீங்க பேசறது இதுல எழுத்தா வருது. அதத்தான் படிச்சிக்கினு இருந்தேன். என் பொண்ணுக்கு காது நல்லா கேக்குங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டோம். வேணும்னா இதப் பாருங்க." சொல்லிவிட்டுப் போனைப் பையனின் அம்மாவிடம் நீட்டினாள்.

அந்த அம்மாள் போனை வாங்கினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. போனைத் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தார்.

"கண்ணாடி எடுத்துக்கினு வர்ல" என்று மகனைக் கூப்பிட்டார். "இன்னாடா எழுதி இருக்குது இதுல?"

பையன் எழுந்து போய் வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் காது மடல் சிவந்தது. ஒருமுறை என் மனைவியைப் பார்த்தான், ஒருமுறை காப்பித் தட்டோடு நின்ற என் பெண்ணைப் பார்த்தான்.

"பொண்ணு லட்சணமா இருக்குதுன்னு நீ அத்தைகிட்ட சொன்னம்மா. அதான் எழுதி இருக்குது" என்றான். போனை என் மனைவியிடம் இரண்டு கையாலும் கொடுத்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பையனின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் என் மனைவி. "அதான் எழுதி இருக்குது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பெண்ணைப் புகழ்ந்திருக்கிறார்கள், அதைப் படித்து இவள் மனம் இளகிப்போய் உண்மையைக் கொட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதியும் அவர்கள் கிளம்பும் வரைதான். செருப்பு மாட்டிக்கொண்டே பையனின் அப்பா, "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோங்க" என்றார். செங்கத்துக்காரர்கள் சொன்ன அதே வார்த்தை. நான் வண்டி வரை போய் வழியனுப்பினேன். திரும்பிப் பார்த்தபோது பையனின் அம்மா மட்டும் இன்னும் வாசற்படியில் இருந்தார். என் மனைவியின் கையைப் பிடித்திருந்தார். காதில் ரகசியம் சொல்கிறவர் மாதிரி, ஆனால் காதை விட்டுவிட்டு, அவள் கையில் இருந்த போனிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், எனக்கு வேப்பமரம் வரை போகப் பொறுமை இல்லை.

"இன்னாத்துக்கு சொன்ன? நீதான சொல்லக் கூடாதுன்ன? கடைசி வரைக்கும் சமாளிக்க முடியல இல்ல? பையன் எவ்ளோ நல்லா இருந்தான். போச்சு, எல்லாம் போச்சு!"

பெண் உள்ளே இருந்து ஓடிவந்தாள். என் மனைவி திரையை மேலே தள்ளி என்னிடம் கொடுத்தாள்.

"மேல இருந்து படிங்க."

படித்தேன். பெண்ணும் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'எவ்வளவு திமிர் பாரு இதுக்கு. நாம பேசறோம், இது போன நோண்டிக்கிட்டு இருக்குது. பொண்ணும் இப்படித்தான் இருக்கும். இது நமக்குச் சரிப்படாது.'

அதற்குக் கீழே, எனக்குக் காது கேக்காதுங்க என்று என் மனைவி சொன்னது. அதற்குக் கீழே, என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மாள் மகனிடம் கேட்டது. அதற்கும் கீழே அவன் சொன்ன பொய். பொய் சொன்னபோதும் போன் அவன் கையில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பாவம், அது அவனுக்குத் தோன்றவில்லை. பொண்ணு லட்சணமா இருக்குது. சொல்லாத வார்த்தை, ஆனாலும் திரையில் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் இவள் ஆமாங்க என்றிருக்கிறாள். தான் சொன்னது அந்த அம்மாளுக்கு மறந்திருக்குமா? மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒன்றும் தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"நம்ம பொண்ணச் சொல்லிட்டாங்களேன்னுதான் எழுந்தியா?" என்றேன். போன் என் கையில் இருந்ததால் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"என்னை எது வேணாலும் சொல்லட்டும்ங்க. அவ இன்னா பண்ணா?" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் கீழ போங்க" என்றாள்.

கீழே போனேன். மழை, கேசரி, வண்டி, செருப்பு என்று ஏதேதோ கலந்து கிடந்தது. கடைசியில் நான் போட்ட கூச்சல் முழுவதும் வரி பிசகாமல் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி மட்டும் தனியாக இருந்தது. பக்கத்தில் வேறு யாரும் பேசாதபோது, போனுக்கு மிக அருகில் வாயை வைத்துச் சொன்ன வரி. ஒரு எழுத்துகூடத் தப்பாக வரவில்லை.

'மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி.'

இன்னும் தட்டு மாற்றவில்லை. தரகர் பதில் கொண்டுவரவில்லை. கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லி ஆண்கள் வண்டி ஏறுவதற்குள், அந்த அம்மாள் இவளைச் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார். என் மனைவி என் கையில் இருந்த போனில் அந்தக் கடைசி வார்த்தையின்மேல் விரலை வைத்து, நான் படித்துவிட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.